குருவி தொடாத சோளம்

ஏறி வாங்க தம்பி, பயப்படாதீக. பரண் ஆடும், ஆனா விழாது. அந்த மூணாவது கம்புல மட்டும் காலை வைக்காதீக, உளுத்துப்போச்சு. ஆங், அப்படித்தான். உக்காருங்க. கை கொடுத்துத் தூக்க முடியல, கோவிச்சுக்கிடாதீக. பாருங்க, ரெண்டு கையிலயும் கயிறு. கால் கட்டைவிரல்ல வேற ஒண்ணு கட்டியிருக்கேன். எதையும் விட முடியாது. விட்டா இறங்கிரும்.

எது இறங்குமா? சொல்லுதேன், சொல்லுதேன். மொதல்ல தண்ணி குடிங்க. குடம் அந்த மூலையில இருக்கு.

கீழ உங்க வண்டி நின்னதும், "யாராச்சும் இருக்காங்களான்னு பாருங்க"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு பாருங்க, பரண்லயே எந்திரிச்சு நின்னுட்டேன். இந்தச் சீமையில தமிழை நேர்ல கேட்டு எம்புட்டு நாளாச்சு! குருவிச் சத்தத்துல காதும் கெட்டு, மூளையும் கெட்டுப்போச்சுன்னுதான் நெனைச்சேன். அப்புறம் தண்ணிக்குப் போர் போடுற வண்டியைப் பாத்தேன். ஓஹோ, திருச்செங்கோட்டு ஆளுக வந்துட்டாகன்னு சந்தோஷமாயிருச்சு. பூமியில எங்கெங்க ஓட்டை போடணுமோ அங்கெல்லாம் நீங்க இருப்பீகளே! திருச்செங்கோடு இல்லையா? சங்ககிரியா? எல்லாம் ஒண்ணுதான், விடுங்க.

நான் அய்யலுசாமி. விளாத்திகுளம் பக்கம். விவசாய டிபார்ட்மென்டுல முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ். சோளம்தான் நம்ம சங்கதி. எங்க வட்டாரத்துல நாட்டுச் சோளத்தை ஒண்ணு விடாம மாத்தி, புது ரக வெள்ளைச் சோளத்தைக் கொண்டாந்தவன் நான்தான். கலெக்டர் கையால கேடயம் வாங்கியிருக்கேன். இப்ப அங்க சோளமே இல்ல, எல்லாம் சீமைக்கருவேலம், அது வேற விஷயம்.

ஹோய்! ஹோய்! ஹோய்!

பாத்தீகளா? அந்த முள்ளு மரத்துல ஒரு மேகம் மாதிரி எந்திரிச்சுது பாருங்க, அதுதான். நம்ம ஊர்ச் சிட்டுக்குருவி அளவுதான். அலகு மட்டும் ரத்தச் சிவப்பு. ஒண்ணா பத்தா, லட்சம் லட்சமா வரும். மொத வருஷம் வந்தப்ப நான் குருவின்னே நெனைக்கல. வைப்பாத்துல வெள்ளம் வருமே, அந்தச் சத்தம். ஆத்தாடி, இங்க ஏது ஆறுன்னு வெளிய வந்து பாக்கேன், வானம் கறுத்துக்கிடக்கு. ஒரு காட்டுல இறங்குச்சுன்னா, நீங்க ஒரு வாய் வெத்தலை மென்னு துப்புறதுக்குள்ள கதிர் வெறுங்குச்சியாயிரும்.

இந்தக் கயிறு இருக்கே, இதெல்லாம் ஒவ்வொண்ணும் ஒரு தகரத்துக்குப் போகுது, இழுத்தா தடதடன்னு அடிக்கும். அந்தா, காட்டுக் கடைசி வரைக்கும் பரணா நிக்குது பாருங்க. ஒவ்வொரு பரண்லயும் ஒரு குடும்பம் இருந்து இழுக்கணும். இப்ப ஆளில்ல. அதான் எல்லாக் கயிறையும் ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு என் கைக்குக் கொண்டாந்துட்டேன். மொத்தக் காடும் இப்ப நம்ம கையில. வள்ளி நின்னு ஆலோலம் பாடினா முருகன் வந்தான். நான் நின்னா போர் வண்டி வருது.

ஆளுகளா? சாவுக்குப் போயிருக்காக. அந்த மலை மேல ஏதோ பெரிய சாவாம். ஊரே போயிருச்சு.

இருங்க, மொதல்லேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். உங்களுக்கு என்ன அவசரம்? ரேடியேட்டர் ஆறட்டும்.

ரிட்டையர்டு ஆகி வீட்ல உக்காந்திருந்தவனை வலிய வந்து கூப்பிட்டாக. ஆப்பிரிக்காவுல ஒரு அரசாங்கம், சோள நிபுணர் வேணுமாம். வெளிநாட்டு வேலை, நிபுணர்னு பட்டம். எங்க வீட்டுல சொன்னா, "இந்த வயசுல எதுக்கு? வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிடாதீக"ன்னு. பொம்பளை பேச்சைக் கேக்குற வழக்கம் நமக்கு எப்ப இருந்துச்சு? கிளம்பிட்டேன்.

தலைநகரத்துல டைரக்டர் நல்லா வரவேத்தாரு. படிச்ச மனுஷன், சிரிச்ச முகம். "மிஸ்டர் சாமி, எங்க மக்கள் பாட்டன் காலத்து விவசாயம் செய்யறாக. நாங்க 'நிறைந்த களஞ்சியம்'னு ஒரு திட்டம் போட்டிருக்கோம். ஒரு ஜில்லா, ஒரு பயிர். இந்த ஜில்லாவுக்கு எது?"ன்னு கேட்டாரு. நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னேன், வெள்ளைச் சோளம்னு. மழை கம்மி, மண்ணு நம்ம கரிசல் மாதிரியே. அவருக்கு ரொம்பச் சந்தோஷம். பேப்பருக்கெல்லாம் என் படம் போச்சு.

அப்ப ஒண்ணு சொன்னாரு. "ஒரே ஒரு அறுவடை ஒழுங்கா களஞ்சியத்துக்கு வந்து சேரட்டும், உங்களை மாலை போட்டு ஊருக்கு அனுப்பி வைக்கேன்"னாரு. ஒரு அறுவடைதானே! நான் பாக்காத அறுவடையா? சரின்னு கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட்டை விசா வேலைக்காக வாங்கி வச்சாக. இது மூணாவது வருஷம் தம்பி. பாஸ்போர்ட்டு இன்னும் அவரு மேஜை டிராயர்லதான் இருக்கு.

இங்க வந்து பாத்தா, ஜனங்க மலைச் சரிவுல அங்கொரு வீடு இங்கொரு வீடுன்னு சிதறிக் கிடந்தாக. அரசாங்கம் எல்லாரையும் கீழ இறக்கி, ரோட்டோரமா வரிசையா தகர வீடு கட்டிக் கொடுத்துச்சு. பள்ளிக்கூடம் கட்டுச்சு. ஆஸ்பத்திரி கட்டுச்சு, நர்சு இன்னும் வரல, கட்டடம் நல்லாருக்கு. களஞ்சியம் ஒண்ணு கட்டினாக பாருங்க, வரும்போது பாத்திருப்பீகளே, நீலத் தகரம் போட்டு, நம்ம ஊர்க் கல்யாண மண்டபம் மாதிரி. அதைத் திறக்க மந்திரி வந்தாரு. நூறு பொம்பளைக ஆடினாக. மந்திரியும் ஒரு ஆட்டம் போட்டாரு. இதுவரைக்கும் அதுக்குள்ள ஒரு மூட்டை போகல. வௌவால் இருக்கு.

ஹோய்! ஏய்! ஹோய்!

அந்த வலது பக்கக் கயிறைக் கொஞ்சம் வெடுக்குனு இழுங்க தம்பி. இன்னும் ஓங்கி. ஆமா. திருச்செங்கோட்டுக் கை, சொல்லவா வேணும்.

இந்த ஊருல ஒரு அம்மா இருக்கு. நச்சிசாலேன்னு பேரு. மாயி நச்சிசாலேம்பாக. மாயின்னா இங்க அம்மா மாதிரி ஒரு மரியாதை. என்னைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். இங்கெல்லாம் விதை பொம்பளைக கையிலதான். எதை விதைக்கணும், எதை எடுத்து வைக்கணும்கிறது அவுக பாடு. ஆம்பளைக வாயே திறக்க மாட்டாக. எனக்கு அது மொதல்ல தெரியாது. நான் ஆம்பளைகளா உக்கார வச்சுக் கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டிருக்கேன், அவுகளும் தலையை ஆட்டிக்கிட்டே இருக்காக. பின்னாடி நின்னுக்கிட்டிருந்த மாயி, "முடிஞ்சிருச்சா? இனி எங்ககிட்டப் பேசுங்க"ன்னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சுட்டாக.

அவுக சோளம் சிவப்பு. செக்கச் சிவப்பு. வாயில போட்டீகன்னா கடுக்காயை மென்ன மாதிரி நாக்கு ஒட்டிக்கிடும். அடுப்புச் சாம்பலைக் கரைச்சு, அந்தத் தண்ணியில ராத்திரி பூரா ஊற வச்சு, கழுவி, அப்புறம்தான் இடிப்பாக. ஏன் இந்தப் பாடுன்னு கேட்டேன். கசப்பு போறதுக்குன்னாக. கசக்காத சோளத்தைப் போட்டா சாம்பல் எதுக்கு, ஊறல் எதுக்குன்னேன். நியாயமான கேள்விதானே?

அதுக்கு மாயி சொல்லுச்சு: "வெள்ளையும் எங்ககிட்ட இருக்கு. காட்டோரத்துல ஒரு பட்டை போடுவோம். அது குருவி பங்கு. நடுவுல சிவப்பு, அது எங்க பங்கு. குருவி சிவப்பைத் தொடாது"ன்னு.

நான் விட்டேனா? "குருவிகூடத் தொடாததை மனுஷன் திங்கலாமா மாயி?"ன்னு ஒரு போடு போட்டேன். கூட வந்த ஆபீசருகெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாக. டைரக்டர் அதையே அடுத்த கூட்டத்துல பேசினாராம். மாயியும் லேசாச் சிரிச்சுச்சு.

சின்ன வயசுல எங்க வீட்டுல இருங்குச்சோளக் கஞ்சிதான் தம்பி. பள்ளிக்கூடத்துல நெல்லுச்சோறு கொண்டு வர்ற பயலுக முன்னால தூக்குவாளியைத் திறக்க மாட்டேன். கறுப்பா, செவப்பா, ஒரு தினுசா இருக்கும். சுவத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்து குடிப்பேன். அன்னைக்கே நெனைச்சேன், இந்தக் கறுத்த தானியமெல்லாம் பூமியிலேர்ந்து ஒழியணும்னு. வெள்ளையா ஒரு சோறு எல்லாரும் திங்கணும். அந்த வைராக்கியம்தான் என்னை இம்புட்டுத் தூரம் கொண்டாந்துச்சு.

அப்புறம் சட்டம் வந்துச்சு. ஒரு காட்டுல ரெண்டு ரகம் இருந்தா கலந்துபோகும், கலந்தா களஞ்சியத்துல எடுக்க மாட்டாக. அதனால இந்த ஜில்லாவுல சிவப்பு விதைக்கக் கூடாது. விதைச்சா உரம் கிடையாது, தகர வீட்டையும் காலி பண்ணணும். எழுதிக் கொடுத்தது நான்தான், நல்லா எழுதியிருந்தேன். மொத வருஷம் அங்கங்க சிவப்பு தலை காட்டுச்சு. நானே காடு காடா நடந்து போய், இந்தா இது, இந்தா இதுன்னு காட்டினேன். மாயிதான் மொத ஆளா தன் காட்டுல இறங்கிப் பிடுங்குச்சு. நல்ல மனுஷி. மத்த பொம்பளைகளும் அதைப் பாத்துத்தான் பிடுங்கினாக.

அந்த வருஷம்தான் வெள்ளம் மாதிரி வந்துச்சுன்னு சொன்னேன்லா. முன்னெல்லாம் ஓரமாத் தின்னுட்டுப் போகுமாம். அன்னைக்கு என்னமோ மொத்தமா இறங்கிருச்சு. பால் பிடிச்ச கதிரு, ஒண்ணு பாக்கி இல்ல. ஜனங்க அழுதாக. நான் மட்டும் ஒண்ணைக் கவனிச்சேன். குருவிக்கு நல்லது கெட்டது தெரியும் தம்பி. இம்புட்டுக் குருவி தேடி வருதுன்னா விதை எம்புட்டு நயமா இருக்கணும்! அதையும் டைரக்டர்கிட்டச் சொன்னேன்.

சிரிக்காதீக. நெசமாத்தான் சொன்னேன்.

ரெண்டாவது வருஷம் விமானத்துலேர்ந்து மருந்து அடிக்கோம்னாக. அறுப்பு முடிஞ்சு பத்து நாள் கழிச்சு விமானம் வந்துச்சு. ஊர்க் கோழியெல்லாம் செத்துச்சு. குருவி அடுத்த ஜில்லாவுல இருந்துச்சு. அந்த வருஷம் கிடைச்சது அவுக வயித்துக்கே காணல. களஞ்சியத்துக்கு எங்க போக? என் பாஸ்போர்ட்டுக்கு எங்க போக?

அதான் இந்த வருஷம் நானே இறங்கிட்டேன். வீட்டுக்கு ஒரு பரண், விடிஞ்சதுலேர்ந்து அடையற வரைக்கும் ஆள் இருக்கணும், இல்லேன்னா உரம் கிடையாதுன்னுட்டேன். பலகை பத்தல. பள்ளிக்கூடத்து பெஞ்சைப் பிரிச்சுப் பரண் கட்டினோம். இப்ப நீங்க உக்காந்திருக்கீகளே, அது மூணாங்கிளாஸ் பெஞ்சு. பிள்ளைக எங்க உக்காரும்னு வாத்தியார் கேட்டாரு. பிள்ளைகளே பரண்லதானே இருக்காக, அங்கயே உக்காரட்டுமேன்னேன். வாத்தியாருக்கும் ஒரு பரண் கொடுத்தாச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும் தம்பி, இந்த ஜனங்களுக்கு அக்கறை பத்தாது. நான் தொண்டை கிழியக் கத்துவேன், அவுக ஏதோ கடனுக்கு ஒரு சத்தம் கொடுப்பாக. பகல் பூரா மூஞ்சி மலைப் பக்கமே திரும்பி இருக்கும். பரண்ல உக்காந்து மலையை என்ன பார்வை? ஒரு பொம்பளைகிட்டக் கேட்டேன். "வீட்டு ஞாபகம்"னு சொல்லுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. எனக்கும் அந்த ஞாபகம்தானே? எங்க வீட்டுல ஒவ்வொரு தடவை போன்ல பேசும்போதும், "எப்ப வாரீக?"ன்னு கேப்பா. "கதிர் அறுத்ததும்"பேன். "மூணு வருஷமா ஒரே கதிரையா அறுக்கீக?"ன்னு கேட்டா. போன மாசம் பேசினப்ப, முழங்கால் முடியல, வீட்டைப் பூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போறேன், சாவி பக்கத்து வீட்டுல இருக்குன்னு சொன்னா. எனக்குச் சாவி எங்க இருக்குன்னு சொல்லுதாளே, அம்புட்டுத் தூரம் நான் வருவேன்னு இன்னும் நம்புதாளேன்னு நெனைச்சேன். அன்னைக்கு இந்தப் பரண்ல உக்காந்து அழுதேன் தம்பி. அழும்போதும் கயிறை இழுத்துக்கிட்டேதான் இருந்தேன்.

ஹோய்! ஹோ! போ! போ அங்கிட்டு!

சாவா? ஆமா, அதைச் சொல்ல வந்தேன்லா. பத்துப் பன்னெண்டு நாளாச்சு. விடியக்காலம் பாத்தா பரண்ல ஒரு பயலைக் காணோம். ஊரே வரிசையா மலைப் பாதையில போகுது. நான் ஓடிப்போய் மறிச்சேன். கதிர் முத்துற நேரத்துல எங்க போறீகன்னு. மாயி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மேல ஒரு பெரிய சாவு, போகாம இருக்க முடியாது"ன்னு சொல்லுச்சு. சாவுன்னா என்ன செய்ய? நம்ம ஊர்லயும் அப்படித்தானே, விதைப்பை விட்டுட்டுத் துட்டிக்குப் போவோம். பதினாறு நாளாவது ஆகும்போல, இவுகளுக்கும் அப்படி ஏதோ முறை இருக்கும்.

ஆமா, நீங்க கேக்குற மாதிரிதான் எனக்கும் இருந்துச்சு. எல்லார் தலையிலயும் வெறுஞ்சாக்கு, முறம், கையில அரிவாள். சாவு வீட்டுக்கு எதுக்கு முறம்னு கேட்டேன். சமைக்கன்னாக. அரிவாள்? விறகு வெட்டன்னாக. கூட்டம் பெருசுல்லா, வேணும்தானே.

அந்தச் சத்தமா? டும் டும்னு வருதே, அதா? சாவு மேளம். காலையில ஆரம்பிச்சா வெயில் ஏறுற வரைக்கும் அடிக்காக. சாயங்காலம் பாட்டு. சாவுக்கு இம்புட்டுச் சந்தோஷமாப் பாடுற ஜனங்களை நான் எங்கயும் பாத்ததில்ல தம்பி. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழக்கம். மேளச் சத்தம் கம்பால கதிர் அடிக்கிற மாதிரி இருக்கா? இருக்கும், இருக்கும். உங்களுக்குப் போர் போடுற காது, எனக்குக் குருவிக் காது. நமக்கு என்ன தெரியும்?

அந்தப் புகை சமையல் புகை. சாம்பலுக்குன்னு யாரு எரிப்பா?

மேல போய்ப் பாக்கலையான்னு கேக்கீக. எதுக்கு தம்பி அடுத்தவுக துக்கத்துல போய்த் தலையை நீட்டணும்? பாத்தா நான் நாலு வார்த்தை எழுதணும். அதிகாரின்னா அப்படித்தான். பாக்காத வரைக்கும் அது சாவு வீடு.

ஆனா மாயி நல்ல அம்மா. தெனமும் பொழுது சாயும்போது மலையிலேர்ந்து இறங்கி வந்து எனக்கு ஒரு சட்டி கஞ்சி வச்சுட்டுப் போகும். அந்தா, நேத்துச் சட்டி இன்னும் இருக்கு, மூடியைத் திறந்து பாருங்க. சிவப்பாத்தான் இருக்கும். பழைய தானியம் ஏதோ வச்சிருக்காக போல. மூணு வருஷமா இதைத்தான் குடிக்கேன், வேற என்ன இருக்கு இங்க? பழகிப்போச்சு. என்ன? புதுச் சோள வாசம் அடிக்குதா? இங்க கொடுங்க பாப்போம்.

ம்.

சரி, மூடி வைங்க.

நேத்து வந்தப்ப மாயி கீழ நின்னுக்கிட்டு, "இறங்கி வாங்க. மேல வாங்க. சாவு வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. காலை நீட்டிப் படுங்க"ன்னு சொல்லுச்சு. கயிறை என்ன செய்யன்னேன். "குருவிகிட்டக் கொடுத்துட்டு வாங்க"ன்னு சிரிச்சுட்டுப் போயிருச்சு. கேலியைப் பாருங்க! நான் இல்லேன்னா இந்தக் காட்டுல என்ன மிஞ்சும்? பாதிக்கு மேல இன்னும் மணி நிக்குது தம்பி. பாருங்க, முத்து முத்தா. இன்னும் பத்து நாள். பத்து நாள் நான் கண்ணை மூடாம இருந்தேன்னா, அறுத்து, அடிச்சு, அந்த நீலத் தகரத்துக்குள்ள கொண்டு போய்ச் சேத்துட்டேன்னா, நான் போயிருவேன். விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஒரு டீயைக் குடிச்சுட்டு, பக்கத்து வீட்டுல சாவி வாங்கி வீட்டைத் திறந்து வச்சுட்டு, நேரே அவ அக்கா வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டிட்டு வருவேன். அம்புட்டுத்தான் எனக்கு வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை டைரக்டருக்குப் போன் பண்ணுவேன். இந்தத் தடவை அமோகம் சார், களஞ்சியம் பத்தாது சார்னு ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டு வாரேன். கதிர் வரும் முன்னாடியே சொல்ல ஆரம்பிச்சுட்டேன். அப்படிச் சொல்லி வச்சாத்தானே டிக்கெட்டுப் போட்டு வைப்பாக? அவருக்கும் ரொம்பச் சந்தோஷம். "மிஸ்டர் சாமி, உங்களுக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன், நேர்ல சொல்லுதேன்"னாரு போன வாரம். டிக்கெட்டுத்தான். வேற என்ன?

அது கிடக்கட்டும், உங்க கதை என்ன? எங்க போர் போடப் போறீக? கிழக்குப் பள்ளத்தாக்கா? இந்த மலைக்கு அந்தாண்டை, ஒரு நாள் ரோடு. அங்க எதுக்குப் போர்? அங்க யாரும் ரோட்டோரம் இல்லையே, எல்லாம் மலைமேல சிதறித்தானே இருக்காக.

புதுக் குடியிருப்பா? தகர வீடா.

களஞ்சியமுமா? நீலத் தகரம்.

ஓ. நிறைந்த களஞ்சியம், ரெண்டாவது கட்டம். இங்க அமோக வெற்றி, அதனால அங்கயும். சரிதான். நல்ல விஷயம்தானே. அங்க யாரு நிபுணராம்? உங்ககிட்டச் சொல்லியிருப்பாகளே.

தமிழ்நாட்டுக்காரரா?

ஆபீசர் தங்குறதுக்குத் தனி வீடு. அதுக்குப் பக்கத்துலதான் உங்க மொதப் போரு. அஞ்சு வருஷ வேலை. மிஸ்டர் சாமின்னு சொன்னாகளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. சாமின்னு இங்க யாருக்கும் பேரு கிடையாது. நான் பேரைச் சொன்னதும் நான்தான்னு தோணுச்சா? தோணியும் இம்புட்டு நேரம் சொல்லாம இருந்தீகளே. ம், எப்படிச் சொல்லுவீக? நான் எங்க உங்களைப் பேச விட்டேன்?

அதுதான் நல்ல சேதி. நேர்ல சொல்லுதேன்னது அதுதான்.

ஆக, விளைஞ்சா அங்க. விளையலேன்னா இங்க.

விடுங்க தம்பி, அந்தக் கயிறை விட்டுருங்க. நானும் விட்டுட்டேன், பாருங்க. கால் கயிறையும் அவுத்துட்டேன். என்ன இருக்கு இனி? வரட்டும். நல்லாத் தின்னுட்டுப் போகட்டும். இம்புட்டு நாளா விரட்டி விரட்டி அதுகளுக்கும் வயிறு காஞ்சு போயிருக்கும். அந்தா எந்திரிக்குது. முள்ளு மரத்துலேர்ந்து எந்திரிச்சாச்சு. கயிறை விட்டுட்டோம்னு அதுகளுக்கும் தெரியும் போல, எப்படிச் சுத்தி வருது பாருங்க. இறங்கட்டும். நான் பாக்கப் போறதில்ல. மூஞ்சியைத் திருப்பிக்கிடுதேன்.

கேக்குதா? கதிர் முறியுற சத்தம்.

ஹோய்! ஏய்! ஹோய்! ஹோய்! இழுங்க தம்பி, இழுங்க! அந்த நடுக் கயிறு! அய்யய்யோ, அந்த மூலையை விட்டுட்டோமே! ஹோய்!

எந்திரிச்சிருச்சு. அப்பாடா. மூலையில கொஞ்சம் போச்சு. பரவாயில்ல.

சிரிக்காதீக தம்பி. இல்ல, நீங்க சிரிக்கல, எனக்குத்தான் அப்படித் தோணுச்சு. கை கேக்க மாட்டேங்குது. விளைஞ்ச கதிர்ல ஒரு குருவி உக்காந்தா இந்தக் கை சும்மா இருக்காது. அறுவது வருஷமா அப்படித்தான். இது என் கையே இல்லேன்னு இப்பத்தான் தெரியுது.

உங்க வண்டியில ஏறிக்கிடச் சொல்லுதீக. உங்க நல்ல மனசு. ஏறி எங்க போக? ஜில்லா எல்லையில சீட்டுக் கேப்பான். பாஸ்போர்ட்டு டிராயர்ல இருக்கு. நீங்க போறதும் அதே கிழக்குப் பள்ளத்தாக்குதானே, அங்க நான் எப்படியும் வரத்தானே போறேன். இன்னைக்கு உங்ககூட வந்தா பத்து நாள் முன்னாடி வந்தவனாவேன்.

கிளம்புங்க, பொழுது சாயப் போகுது. மூணாவது கம்பு, ஞாபகம் வச்சுக்கிடுங்க.

தம்பி, ஒரு நிமிஷம். நீங்க எனக்கு முன்னால அங்க போயிருவீக. அந்தப் பள்ளத்தாக்குலயும் மாயிக இருப்பாக. கூட்டத்துல ஆம்பளைகளுக்குப் பின்னாடிதான் நிப்பாக, அவுகளைத் தேடிப் பிடிங்க. பாஷை தெரியலேன்னா உங்ககூட இருக்கிற இந்த நாட்டு டிரைவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்க. சிவப்புச் சோளம் வச்சிருந்தாகன்னா, விதையை இப்பவே மலை மேல கொண்டு போய் வச்சுக்கிடச் சொல்லுங்க. நல்ல உயரத்துல. ரோட்டுலேர்ந்து பாத்தா தெரியாத இடமா இருக்கணும். வந்தவன் எவ்வளவு நல்லவனாப் பேசினாலும் இடத்தைக் காட்டக் கூடாதுன்னு சொல்லுங்க.

ஏன்னா நான் வந்தா பிடுங்கச் சொல்லிருவேன். எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்.

இறங்குங்க, பாத்து. வழியில அந்த மலைப்பாதை பிரியுற இடத்துல மாயி சட்டியோட வந்துக்கிட்டு இருக்கும். நான் எதையும் பாக்கலேன்னு சொல்லுங்க. சாவு நல்லபடியா முடியட்டும், அவசரம் இல்லேன்னு சொல்லுங்க.

ஹோய்! ஹோய்!

ஒண்ணுமில்ல தம்பி, குருவி. நீங்க போங்க.